அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 27. சொந்த ஊர் முக்கூடல். கட்டிக் கொடுத்தது பாளையங்கோட்டையில். பேட்டை ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் ஆறு வருஷமாக பில் போடுகிறேன். இப்போது எனக்கு 16 வாரம். தலைப்பிள்ளை. எங்கள் ஆபீஸில் ஏ.சி. அறை ஒன்றுதான். முதலாளி அண்ணாச்சி, கணக்கு எழுதும் பெரியவர், நான் மூன்று பேரும் அதற்குள்தான். அண்ணாச்சி ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து சிகரெட் குடிப்பார். வாடகை பேச வரும் டிரைவர்களும் உள்ளேயே பற்ற வைப்பார்கள், சிலர் பீடி. அண்ணாச்சி மேஜையில் விளிம்பு உடைந்த ஒரு டீ கிளாஸ் இருக்கும். சாயங்காலத்துக்குள் அது நிறைந்துவிடும், நான்தான் கொட்டுவேன். போன வாரம் மாஸ்க் போட்டுப் போனேன். "என்ன பிள்ளே, சளியா?" என்று கேட்டார். "ஆமா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். மாசமாக இருப்பதை ஆபீஸில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணாச்சி நல்ல மனுஷர். லாக்டவுனில் ஆபீஸ் பூட்டிக் கிடந்தபோதும் எங்கள் 12 பேருக்கும் சம்பளம் போட்டார். என் கல்யாணத்துக்கு அம்மாவிடம் வட்டியில்லாமல் ஐம்பதாயிரம் கொடுத்தார். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? இத்தனை நாள் மூச்சில் போன புகை பிள்ளையை ஏதாவது செய்திருக்குமா? மாஸ்க் போட்டால் போதுமா? வீட்டுக்காரர் வேலையை விடச் சொல்கிறார், ஆனால் வீட்டுக் கடன் இருக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா பீடி சுற்றுகிறார். "நாங்கெல்லாம் பீடி சுத்திக்கிட்டேதானே பிள்ளை பெத்தோம், ஒண்ணும் செய்யாது" என்கிறார். அங்கே போகலாமா?

பதில்: "சளியா?" என்று கேட்டதற்கு "ஆமா" என்றீர்களே, உங்கள் கேள்விகளுக்கெல்லாம் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. அவர் கேட்டார். சொல்ல ஒரு வாசல் திறந்தது. கை நீட்டி உதவி வாங்கிய இடம் என்பதால் நீங்களே அதைச் சாத்திவிட்டீர்கள். லாக்டவுன் சம்பளமும் ஐம்பதாயிரமும் மனசில் பாரமாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த நன்றி இருக்க வேண்டியதுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அம்மா, அந்தக் கடன் உங்களுடையது. வயிற்றில் இருக்கிற பிள்ளை அண்ணாச்சியிடம் எதுவும் வாங்கவில்லை. அதன் மூச்சைக் கொடுத்து நீங்கள் அந்தக் கடனைக் கழிக்க முடியாது.

முதலில் பயத்தைப் பேசிவிடுவோம். எரிகிற சிகரெட்டின் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன, அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அண்ணாச்சி உள்ளே இழுக்கும் புகையாவது சிகரெட்டின் பஞ்சு வழியாகப் போகிறது. அவர் போனில் வாடகை பேசும்போது விரலிடுக்கில் சும்மா எரிகிறதே, அந்த நுனிப் புகை வடிகட்டாமல் நேரே அறைக்குள் வருகிறது. உங்கள் மூக்குக்கு வருவதில் பெரும்பங்கு அதுதான்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் நான் முதலில் கவலைப்படுவது இரண்டைப் பற்றி: நிகோடின், கார்பன் மோனாக்சைடு. நிகோடின் கருப்பைக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் உடம்புக்கும் போகும். மற்றதை இப்படிச் சொல்கிறேன். நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் வரிசையில் நின்று ஏற வருகிறது. கார்பன் மோனாக்சைடோ ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுகிறது. ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதில் ஆக்சிஜனைவிட அதற்கு 200 மடங்குக்கு மேல் பிடிப்பு உண்டு. ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எளிதில் எழுந்திருக்காது. பிள்ளையின் ஹீமோகுளோபின் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் தாயின் இரத்தத்தில் இருப்பதைவிட அங்கே அது அதிகமாகச் சேரும்.

பஸ்ஸே குறைவாக இருந்தால் என்ன ஆகும்? நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தசோகை. உங்கள் ஹீமோகுளோபின் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. அட்டையை எடுத்துப் பாருங்கள். 11-க்குக் கீழே இருந்தால் உங்கள் டாக்டரிடம் அதைத் தனியாகப் பேசுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடும் பாலோடும் போடாதீர்கள், கால்சியம் மாத்திரையை அதற்குச் சில மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ஆபீஸில் பதினொரு மணி டீயோடு மாத்திரையையும் சேர்த்து விழுங்கும் பழக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் பலரிடம் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்று வருவார்கள், விசாரித்தால் டீதான் காரணமாக இருக்கும்.

இந்த நாலு மாதப் புகை பிள்ளையை ஏதாவது செய்திருக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். அடுத்தவர் புகையைச் சுவாசித்த கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்து 2008-ல் ஒரு கணக்கு வந்தது. அவர்களின் பிள்ளைகள் சராசரியாக 33 கிராம் எடை குறைவு. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கும் வாய்ப்பு 22 சதவீதம் அதிகம். 2011-ல் வந்த இன்னொரு தொகுப்பில், வயிற்றிலேயே பிள்ளை இறந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. இதைப் படித்ததும் நெஞ்சு படபடக்கும், தெரியும். ஆனால் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். நூறு பேரில் 23 பேருக்கு அப்படி ஆகும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அபூர்வமாக நடக்கும் ஒன்று, அந்த அளவுக்குக் கூடுகிறது என்பதுதான் அர்த்தம். உங்களைப் போன்ற பெண்களில் பெரும்பாலோர் நல்ல பிள்ளையைத்தான் பெற்றிருக்கிறார்கள். ஒதுக்கிவிடக்கூடிய ஆபத்தும் இல்லை, ராத்தூக்கத்தை விடும் அளவுக்கும் இல்லை. இனிமேல் அந்தக் காற்று வேண்டாம் என்று முடிவெடுக்க இது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை எடை போடுவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். உங்களுக்கு இப்போது 16 வாரம். நல்ல காற்றுக்கு வந்துவிட்டால் உங்கள் இரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு நாலைந்து மணி நேரத்தில் பாதியாகக் குறையும். பிள்ளையிடமிருந்து போக இன்னும் சற்று நேரம் ஆகும். அடுத்த நாளிலிருந்தே பிள்ளைக்கு வித்தியாசம் உண்டு. அதனால் போனதை எண்ணி அழ வேண்டாம், 18-லிருந்து 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய ஸ்கேனைத் தள்ளிப்போடாமல் எடுங்கள். ஆபீஸில் புகை இருந்தது என்பதை உங்கள் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா?" என்று கேட்கும் நாங்கள்கூட "வேலை பார்க்கும் இடத்தில்?" என்று கேட்க மறந்துவிடுகிறோம். கடைசி மாதங்களில் பிள்ளையின் வளர்ச்சியை அவர் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் டூட்டி டாக்டர்களுக்கு ஒரே அறை. பெரிய டாக்டர் ஒருவர் ரவுண்ட்ஸ் முடிந்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து பற்ற வைப்பார். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர். கத்தி பிடிக்க அவரிடம்தான் கற்றேன். அவர் பெட்டியை எடுத்ததும் நான் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து, கருவிகள் கழுவும் அறையில் போய் நிற்பேன். டெட்டால் வாடையில் பத்து நிமிஷம். திரும்பி வந்தால் புகை அப்படியே அறையில் நிற்கும். ஏழு மாதம் இப்படியே போயிற்று, வாயே திறக்கவில்லை. மகன் பிறந்தபோது 2 கிலோ 300 கிராம். புகைதான் காரணம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது, எனக்கும் ரத்தம் குறைவாகத்தான் இருந்தது. அவன் வளர்ந்து ஆளாகி நன்றாக இருக்கிறான். ஆனாலும், கேட்டிருந்தால் அந்த மனுஷர் ஒரே வார்த்தையில் வெளியே போயிருப்பாரே என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாஸ்க் விஷயம். துணி மாஸ்க்கும் மெடிக்கலில் விற்கும் நீல மாஸ்க்கும் இதற்குப் பிரயோஜனப்படாது. என்-95 துகள்களைத் தடுக்கும், வாயுக்களைத் தடுக்காது. கார்பன் மோனாக்சைடு வாயு. ஏ.சி. புகையை வெளியே தள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே எடுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. ஆக, கதவைச் சாத்தி ஏ.சி. போட்ட அறையில் ஒரு சிகரெட் என்றால், வெளித் திண்ணையில் பல சிகரெட்டுக்குச் சமானம். ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டால் குறையும், போகாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படி புகைக்கு ஓர் அளவே கிடையாது.

உங்கள் மேஜையைத் தூக்கி வெளியே குடோன் பக்கம் போட்டுத் தருகிறேன் என்று அண்ணாச்சி சொல்லக்கூடும். நல்ல மனசோடுதான் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். லோடு ஏற்ற நிற்கும் லாரிகள் இன்ஜினை அணைக்காமல் நிற்கிற இடம் அது. டீசல் புகைக்கு நடுவில் போய் உட்காருவதும் பிள்ளைக்கு ஆகாது. இடம் மாற வேண்டியது நீங்கள் இல்லை, சிகரெட்.

இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்ற தயக்கம் வேண்டாம். புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003-ல் வந்தது. அதன்கீழ் போட்ட விதிகள் 2008 அக்டோபர் 2 முதல், காந்தி ஜெயந்தி அன்றிலிருந்து, நடப்பில் இருக்கின்றன. பொது இடம் என்பதில் வேலை செய்யும் இடமும் அடங்கும் என்று அந்த விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. தனியார் ஆபீஸ், சொந்தக் கட்டடம் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் ‘புகைபிடிக்கக் கூடாத பகுதி, இங்கே புகைபிடிப்பது குற்றம்’ என்ற பலகையை வாசலில் மாட்ட வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் அங்கே வைத்துக் கொடுக்கக் கூடாது. உங்கள் அண்ணாச்சி மேஜையில் இருக்கும் உடைந்த டீ கிளாஸும் அந்தக் கணக்கில் வரும். மீறிப் பிடிப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். யாராவது பிடிக்கிறார் என்று புகார் சொல்லியும் பொறுப்பாளர் நடவடிக்கை எடுக்காவிட்டால் எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை பேருக்கான அபராதம் அவர் தலையில் விழும். மாசமாக இருக்கும் பெண்ணுக்காகப் போட்ட சட்டம் இல்லை இது. அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் பொதுவானது. நீங்கள் சலுகை கேட்கப் போகவில்லை.

ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி முன்னால் போய் நிற்காதீர்கள். அது உங்கள் பையில் இருக்கட்டும். லாக்டவுனில் சம்பளம் போட்ட மனுஷரை நல்ல வார்த்தையால் அசைக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

நேரம் முக்கியம். காலையில் கடை திறந்து, சாமி படத்துக்குப் பூப் போட்டு, ஊதுபத்தி கொளுத்தி உட்காரும்போது ஒரு கால் மணி நேரம் போன் வராது, டிரைவர் வரமாட்டார். அப்போது பேசுங்கள். லோடு வராத எரிச்சலில் இருக்கும் மத்தியானத்தில் வேண்டாம். ஒரு கையில் சிகரெட் இருக்கும்போது வேண்டவே வேண்டாம், அவரைக் குற்றம் சாட்டுவது போலாகிவிடும். நல்ல சேதியில் தொடங்குங்கள். நம் ஊரில் ஒரு பெண் உண்டாயிருக்கிறாள் என்றால் கேட்கிறவர் முகம் மலராமல் இருக்காது. இந்த மாதிரி:

"அண்ணாச்சி, ஒரு நல்ல சேதி சொல்லணும். நான் உண்டாயிருக்கேன், நாலு மாசம் முடிஞ்சிட்டு. முதல்ல உங்ககிட்டதான் சொல்லுதேன். டாக்டர் ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லிட்டாக. ரூமுக்குள்ள சிகரெட், பீடிப் புகை இருந்தா பிள்ளைக்கு ஆகாதாம். இனிமே ரூமுக்குள்ள யாரும் பத்த வைக்கக் கூடாது அண்ணாச்சி. டிரைவர் அண்ணன்மாருகிட்ட நான் சொன்னா நல்லாருக்காது, நீங்கதான் சொல்லணும்."

இவ்வளவுதான். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கை வேலையைப் பார்க்கிற மாதிரி திரும்பிவிடாதீர்கள், அவர் பதில் சொல்லும்வரை இருங்கள். நம் பெண்கள் எதைக் கேட்டாலும் முன்னால் ஒரு ‘கொஞ்சம்’ போட்டுத்தான் கேட்போம். "கொஞ்சம் வெளிய போய்க் குடிங்க", "கொஞ்சம் குறைச்சுக்கோங்க". இந்த ஒரு இடத்தில் மட்டும் அந்த வார்த்தை வேண்டாம். அந்தக் ‘கொஞ்சம்’ வழியாகத் தினம் நாலு சிகரெட் உள்ளே வந்துவிடும். "நீ வெளிய போயிருக்கும்போது குடிச்சுக்கிடுதேன்" என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். புகை போன பிறகும் அதன் படிவு திரைச்சீலையிலும் சுவரிலும் பைலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். பூட்டிய அறை காலையில் வாடை அடிக்கிறதே, அது அதுதான். அறைக்குள் கிடையவே கிடையாது, பிடிக்க வேண்டுமானால் வாசல் தாண்டி, ஜன்னலையும் கதவையும் விட்டுத் தள்ளி. ஒரு வாளியில் மணல் போட்டு வெளியே வைத்துவிட்டால் டிரைவர்கள் தானாக அங்கே போய் நிற்பார்கள். டீ கிளாஸை அன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். அதைக் கொட்டிக் கழுவும் வேலையை இனி நீங்கள் செய்யக் கூடாது.

கணக்கு எழுதும் பெரியவரை மறந்துவிடாதீர்கள். அண்ணாச்சியிடம் பேசுவதற்கு முந்தின நாள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இத்தனை வருஷம் அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கும் வயசாளிக்கு நெஞ்சுச் சளியோ இழுப்போ இல்லாமல் இருந்தால் ஆச்சரியம். நீங்கள் சொல்லும்போது "ஆமா அண்ணாச்சி, எனக்கும் ராத்திரி இருமல் தாங்கலை" என்று ஒரு குரல் பக்கத்திலிருந்து வந்தால் பாதி வேலை முடிந்தது.

நேரே பேச நாக்கு எழவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு, அண்ணாச்சி வீட்டு மதினி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, பூவும் பழமும் வாங்கிப் போய் மதினியிடம் சேதியைச் சொல்லுங்கள். எத்தனை வருஷமாக அந்த அம்மாவும் அந்தப் புகையோடு குடித்தனம் நடத்துகிறாரோ. திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சிக்கே எல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் வீட்டுக்காரர் மட்டும் தனியாகப் போய் அண்ணாச்சியிடம் பேசுவது வேண்டாம். இரண்டு ஆம்பிளைகள் பேசும்போது கௌரவம் குறுக்கே வந்து நிற்கும், பேச்சு வேலையை விடுவதில் போய் முடியும்.

சொல்லி ஒரு வாரம் ஆகியும் மாறவில்லை என்றால் உங்கள் டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். நான் என்னிடம் வருகிறவர்களுக்கு நாலு வரியில் தமிழிலேயே எழுதிக் கொடுப்பேன்: "இவர் 16 வாரக் கர்ப்பிணி. புகையிலைப் புகை உள்ள அறையில் இவர் இருப்பது பிள்ளையின் எடைக்கும் உயிருக்கும் கெடுதல். பணியறையைப் புகையில்லாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." கீழே கையெழுத்தும் பதிவு எண்ணும். ஆங்கிலத்தில் எழுதினால் மேஜை டிராயருக்குள் போய்விடும். தமிழில் எழுதினால் முதலாளி இரண்டு தடவை படிப்பார். அதற்கும் அசையவில்லை என்றால் அப்போது பையில் இருக்கிற சட்டத்தை எடுக்கலாம். சுகாதார ஆய்வாளரிடம் ஆபீஸ் பெயரைச் சொன்னால் போதும், வந்து பார்ப்பார்கள்.

அண்ணாச்சிக்கே விட ஆசை இருக்கலாம். பிடிக்கிறவர்களில் நிறையப் பேர் ஒரு தடவையாவது விட்டுப் பார்த்துத் தோற்றவர்கள். புகையிலையை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356 சிகரெட் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது, அவர் தினம் கையில் வைத்துப் பார்க்கும் எண்தான்.

வேலையை விடுவதைப் பற்றி. அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையிலும் நிறுவனத்திலும் மகப்பேறு விடுப்பு உண்டு. நீங்கள் 12 பேர். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 1961-ல் வந்த அந்த உரிமை, 2017-லிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று ஆகியிருக்கிறது. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக் கடன் இருக்கும்போது ஆறு மாதச் சம்பளம் சின்ன விஷயம் இல்லை. இப்போது நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அது போச்சு. எதுவுமே நடக்கவில்லை, புகையும் குறையவில்லை என்றால் அந்த எட்டு வாரத்தை முழுசாக முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் இருக்கும் சாதாரண லீவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலையை விடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. வீட்டுக்காரரை இந்தப் பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி முக்கூடல். ஆபீஸைவிட இதை எழுதத்தான் எனக்கு அதிக யோசனையாக இருந்தது. உங்கள் அம்மா சொளவை மடியில் வைத்து, இலையை வெட்டித் தூளை வைத்து உருட்டி நூல் கட்டிய காசில்தான் நீங்கள் கம்ப்யூட்டர் படித்திருப்பீர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று எண்ணி எண்ணி வளர்த்த கை அது. முக்கூடலிலிருந்தும் ஆலங்குளம், கடையம் பக்கமிருந்தும் என்னிடம் வரும் அம்மாக்களின் விரல்களைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தொழிலை யாரும் என்னிடம் இழிவாகப் பேச விடமாட்டேன். ஆனால் தூள் தூள்தான். புகையிலையைப் பற்ற வைக்காவிட்டாலும் அதிலிருக்கும் நிகோடின் மூச்சிலும் போகும், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். புதிதாகச் சுற்ற உட்காரும் பெண்ணுக்குத் தலை சுற்றி வாந்தி வருமே, உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும், அது இதனால்தான்.

"நாங்கெல்லாம் பெத்தோமே" என்கிறார். பெற்றார்கள். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளையை எத்தனை வீட்டில் எடை போட்டார்கள்? நோஞ்சானாகப் பிறந்ததை "சவலைப் பிள்ளை" என்றார்கள், தங்காமல் போனதை "கொடுத்து வைக்கலை" என்றார்கள். காரணம் தேட யாருக்கும் நேரமில்லை. அம்மாவிடம் இதை வாதமாகச் சொல்லாதீர்கள். அவர் மனசில் ஏதாவது ஒரு பிள்ளையின் நினைவு இருந்தால் அது கிளறிவிடும். எங்கள் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

அம்மா வீட்டுக்குத் தாராளமாகப் போங்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அம்மா கைச் சோறும் அம்மா பக்கத்தில் தூக்கமும் நான் எழுதிக் கொடுக்கும் எந்த மாத்திரையிலும் இல்லை. போவதற்கு முன் வீட்டில் சில மாற்றங்கள் நடக்கட்டும். தூள் மூட்டையும் சுற்றிய கட்டும் நீங்கள் படுக்கும் அறையில் இருக்கக் கூடாது. அம்மா சுற்றுவதை வீட்டுக்குள்ளிருந்து வெளியே, காற்றோட்டமான தாழ்வாரத்துக்கோ பக்கத்து வீட்டுத் திண்ணைக்கோ மாற்றிக்கொள்ளட்டும். அந்தத் தெருவில் நாலு பேர் கூடித்தானே சுற்றுவார்கள், அதில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்தால் பேச்சுத்துணையும் ஆயிற்று. நீங்கள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, சும்மா இருக்க முடியாமல் "ரெண்டு கட்டு சுத்தித் தாரேன்" என்று கை வைக்காதீர்கள். பழகிய கை அரிக்கும், நான் பார்த்திருக்கிறேன். வெட்டிப் போட்ட இலைக் கழிவை வெந்நீர் அடுப்பில் போடுகிற வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். அம்மா எழுந்து வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, சேலை மாற்றி, பிறகு அடுப்படிக்குப் போகட்டும். பிள்ளை பிறந்தபின் இந்தச் சேலை மாற்றுவது இன்னும் முக்கியம். பேரப்பிள்ளையை மடியில் போட்டுத் தாலாட்டும் மடியும் சொளவு வைத்த மடியும் ஒன்றாக இருக்கக் கூடாது. வீட்டு ஆண்கள் பீடி குடிப்பவர்கள் என்றால் தெருவோடு நிறுத்திக்கொள்ளட்டும். பிறந்த பிள்ளை இருக்கும் வீட்டில் புகை நுழைந்தால் மூச்சிரைப்பு, காதில் சீழ், தூக்கத்திலேயே பிள்ளை திடீரென இறந்துபோவது இவையெல்லாம் கூடுகின்றன.

இன்னும் இரண்டு புகை நம் வீட்டில் மரியாதையாகக் குடியிருக்கின்றன. ஒன்று கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75-லிருந்து 137 சிகரெட் வரை எரித்தால் வரும் அளவுக்கு நுண்துகள் வெளிவருவதாக 2003-ல் ஓர் ஆய்வில் அளந்து காட்டினார்கள். ஆபீஸில் அண்ணாச்சியோடு போராடிவிட்டு வந்து ராத்திரி கதவைச் சாத்திச் சுருள் கொளுத்திப் படுத்தால் என்ன மிச்சம்? ஆற்றங்கரை ஊரில் கொசு இல்லாமல் இருக்காது, வலை கட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பிள்ளையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகையில் காட்டுவது. பாட்டிமார் மனசு நோகும் என்று நானே பல வருஷம் இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். பிறந்த பிள்ளையின் நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது. துவாலையால் தலையை நன்றாகத் துவட்டினாலே போதும், சளி பிடிக்காது.

அண்ணாச்சியிடம் பேசும்போது, "அன்னைக்கு மாஸ்க் போட்டது சளிக்கு இல்ல அண்ணாச்சி" என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். ஸ்கேன் முடிந்ததும் இன்னொன்று.